கொதித்த காரும் கலசத் தண்ணீரும்

கும்பகோணம் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் தம்பி, ஆறியிருந்த எங்கள் காரின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டார். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. "ஹெட் காஸ்கெட் போயிருச்சும்மா. இன்ஜின் காத்து தண்ணிக்குள்ள வருது" என்றார்.

பல வருஷங்களுக்கு முன்னால் என் அப்பாவும் இதையேதான் சொன்னார். பெரியப்பாவின் அம்பாசிடரை அவர்தான் ஓட்டுவார். "குமிழி வருதுண்ணே, வண்டி தாங்காது" என்றதற்கு, "என் அறுபதாம் கல்யாணம் முடியட்டும்டா" என்றுவிட்டார் பெரியப்பா.

திருக்கடையூர் போகிற வழியில், நடவு வயல்களுக்கு நடுவே வண்டி கொதித்து நின்றது.

"கொஞ்சம் ஆறட்டும்ணே."

"முகூர்த்தம் ஒனக்காக நிக்குமா? தொறடா, பயந்தாங்கொள்ளிப் பயலே."

அப்பா துண்டைச் சுற்றித் திறந்தார். கொதிநீர் பீறிட்டு வலக்கை முழுதும் வெந்துபோயிற்று. பெரியப்பாவோ பட்டு வேட்டியில் தெறித்த துருக்கறையைத்தான் பார்த்தார்.

வேறு வண்டி பிடித்து அபிராமி கோயிலுக்குப் போனோம். சொந்தக்காரர்கள் வரிசையாக நின்று பெரியப்பா தலையில் கலசத் தண்ணீர் ஊற்றினார்கள். அப்பா இடக்கையால் கலசத்தைத் தூக்கினார்.

"இடக்கையால ஊத்துறியே, நான் வெளங்க வேணாமா?"

வாழையிலை சுற்றிய அந்த வெந்த கையாலேயே அப்பா தூக்கி ஊற்றினார். பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது.

"பாத்துடா, இந்தத் தண்ணியும் கொதிக்குதா?" என்றார் பெரியப்பா. கூட்டமே சிரித்தது.

"சூட்டுல மட்டும் தொறந்துராதீங்கம்மா" என்று சொல்லி மெக்கானிக் மூடியைப் போட்டார். நான் தலையாட்டினேன்.

அன்றைக்கு அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவரை எதற்குத் தாயே சிரிக்க வைத்தாய் என்று அபிராமியிடம் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.