பிதுங்கின டயர்

அந்தப் பக்கத்து நாட்டுல மில்லு படுத்துட்டா, எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கற பஞ்சர்க்காரர் கடையும் கூடவே படுத்துக்கும். லாரியே ஓடலன்னா டயர் எங்க பஞ்சராகும்? இந்தத் தடவையும் அப்படித்தான் ஆச்சு; அந்த மில்லுக்குத் தினமும் போய் வந்த அவரோட மருமகனுக்கும் வேலை போச்சு. "தூரமா எங்கயாவது போய்ப் பொழச்சுக்கறோம் மாமா"ன்னு பெட்டி கட்டிட்டாரு. பல்லு கூட முளைக்காத பேத்தியும் போயிடுமேன்னு இவருக்குச் சோறு இறங்கல.

அன்னிக்குக் காலைல ஒரு லாரி வந்து நின்னுச்சு. பாரம் தாங்காம பின் டயரெல்லாம் பிதுங்கிக்கிட்டு நின்னுது. பின்னாலயே இன்னும் ரெண்டு லாரி!

"என்னப்பா லோடு?"

"அழுத்திக் கட்டின பஞ்சுப் பொதி, பெரியவரே! அந்தப் பக்கத்து மில்லுக்கு. மறுபடி தொறந்து ராத்திரி ஷிப்டும் ஓட்டுறாங்களாம்!"

ஜாக்கியை அப்படியே போட்டுட்டு வீட்டுக்கு ஓடினாரு.

"மாப்ளே, பெட்டியப் பிரிங்க! அங்க மில்லு எழுந்துடுச்சு, இங்க என் கடையும் எழுந்துடுச்சு!"ன்னு பேத்திய அள்ளிக் கொஞ்சினாரு.

"ஐயோ மாமா, கையக் கழுவுங்க! பாப்பா மூஞ்சியெல்லாம் கிரீஸு!"