சுருட்டோடு ஒரு மகாராணி

இன்று காலை எங்கள் பூட்டியின் படத்துக்குப் புதுக் கண்ணாடி போட, அக்காவும் நானும் டவுன் கடைக்குப் போனோம். நூறு வருஷமாகச் சுவரிலிருந்தே எங்கள் குடும்பத்தை ஆண்ட மகாராணி. அக்கா வெள்ளி தவறாமல் குங்குமம் வைப்பாள்.

கடைக்காரர் சட்டத்தைக் கழற்றியதும், உள்ளே மடித்திருந்த கீழ்ப்பாதி விரிந்தது.

பூட்டியின் கையில் சுருட்டு! காலடியில் ஆர்மோனியம்.

"அண்ணாச்சி, இது ஸ்திரீபார்ட் வேஷம் கட்டுன ஆம்பளல்லா!" என்றார் கடைக்காரர்.

அக்கா படத்தைப் பிடுங்கினாள். "இத்தன வருசமா பூட்டனுக்கா குங்குமம் வச்சேன்?"

பூட்டன் நாடகக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தோம்; 1910 வாக்கில் அவர் மேடையில் பாடினால், தாமிரபரணி நின்று கேட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போகுமாம். அதைக் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

படத்தையே வெகுநேரம் பார்த்த அக்கா சொன்னாள்: "சுருட்டையும் சேத்தே மாட்டச் சொல்லுலே. அழகாத்தான் இருக்காவ."

மகாராணி மறுபடி சுவரேறிவிட்டார். வெள்ளிக்கிழமை நெற்றியில் குங்குமமா, திருநீறா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அக்கா காத்திருக்கிறாள்.