வெள்ளைப் பாலிஷ் கம்பெனி

பெரியப்பா அதைக் கம்பெனி என்றுதான் சொல்வார். குயின் ஸ்ட்ரீட் வீட்டின் பின்கட்டில் ஒரு பீப்பாய், கிண்ட ஒரு கட்டை, வாயில் பஞ்சு வைத்த பாட்டில்கள். முதலாளி அவர், தொழிலாளி பெரியம்மா. பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் வெள்ளைத் துணிச் சப்பாத்து போட்ட காலம் அது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவி, வெள்ளைப் பாலிஷ் பூசி, வெயிலில் காயவைப்பார்கள். பாட்டில்களை மோட்டார் சைக்கிளில் கட்டி, ஃபெரி ஏறி, கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயா கடைகள்வரை பெரியப்பா கொண்டுபோய்ப் போடுவார். அதில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

எனக்கு அந்த ஞாயிறுகள் பிடிக்காது. கம்பெனிக்கு என் சப்பாத்துதான் விளம்பரம். ஒரு பொட்டு அழுக்கு தெரிந்தாலும் மறுபடி பூசவேண்டும்.

அதனால், இனி எல்லாருக்கும் கறுப்புச் சப்பாத்துதான் என்று டீச்சர் சொன்ன அன்று வீடுவரை ஓடிவந்தேன்.

"பெரியப்பா, இனிமே பூசவே வேணாம்!"

பீப்பாயைக் கிண்டிக்கொண்டிருந்த பெரியப்பாவின் கை நின்றது. "நல்லதுதான் லா, ஒனக்கு வேல மிச்சம்," என்றார். பிறகு மறுபடி கிண்டினார்.

அவர் சும்மா இருக்கவில்லை. வெள்ளைப் பொடிக்குப் பதிலாகக் கறுப்புச் சாயத்தைக் கொட்டி, அதே பக்குவத்தில் பாலிஷ் தயாரித்து, என் சப்பாத்தில் பூசவைத்தார். வெள்ளை மழையில் கரைந்தபோது யாரும் கண்டுகொண்டதில்லை. கறுப்பு கரைந்த அன்றோ, பள்ளி மண்டபத்தின் வாசலிலிருந்து என் நாற்காலிவரை என் காலடித் தடங்கள் கறுப்பாக வரிசையாகக் கிடந்தன. தலைமையாசிரியை தொலைபேசியில் பேசப் பேச, பெரியப்பா "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைகளில் வந்த கறுப்புச் சப்பாத்துக்குப் பாலிஷே தேவைப்படவில்லை. பீப்பாயைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பெரியப்பா ஒரு தொழிற்சாலையில் காவலாளி வேலைக்குப் போனார்.

பிறகொரு ஞாயிறு காலை, என் பழைய வெள்ளைச் சப்பாத்தைத் தேடியெடுத்து வாசலில் உட்கார்ந்து பூசிக்கொண்டிருந்தார். எனக்கு அது எப்போதோ சின்னதாகிப் போயிருந்தது. பாவம், மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"இப்ப கறுப்புதான் பெரியப்பா," என்று நினைவூட்டினேன்.

"ஆமால்ல," என்றார்.

வெயில் நகர்ந்தபோது சப்பாத்தையும் நகர்த்தி வைத்தார். நான் இன்னும் சத்தமாக, அவருக்குக் காது கேட்கும்படி, மறுபடி சொன்னேன்.