மூன்று மூடிகள்

"எதுக்குங்க கழுவுனீங்க?"

"அழுக்கா இருந்துச்சு, கழுவினேன்."

"நம்பர் போட்டு வெச்சிருந்தேனே."

"நம்பரா? எதுல போட்ட?"

கணவர் கழுவி வைத்திருந்த மூடிகளை அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். தையல் சாக்பீஸில் போட்டிருந்தாள். மண்ணெண்ணெய்ச் சட்டியின் அடியில் அது வெள்ளைக் கலங்கலாகக் கிடந்தது.

பதினாறு வருஷம் துணி தைத்தவள். கணவருக்கு விரல் நுனிகள் மரத்துப்போய், பிடித்திருப்பது போல்டா வெறும் காற்றா என்று தெரியாமல் போனபோது, தையல் மிஷினுக்கு உறை போட்டுவிட்டு அவருடைய வண்டிப் பட்டறைக்கு வந்தாள். பெரியதைத் தூக்குவது அவர். சின்னதைக் கழற்றுவதும் மாட்டுவதும் அவள். இரண்டு வருஷத்தில் ஒரு வாஷர்கூடத் தொலைந்ததில்லை. ஆனால் கை பழைய தையல் கைதான்; குறி போடச் சாக்பீஸைத்தான் தேடும்.

பட்டறையில் நின்றது ஒரு பள்ளிக்கூட வேன். எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் தேய்ந்துபோயிருந்தது; அதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாயிற்று. அதை ஐந்து மூடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கென்று கடைந்தது; இடம் மாறினாலோ முன்பின் திரும்பினாலோ ஷாஃப்ட் இறுகும். அது உட்காரும் எஞ்சின் தலைப்பகுதியான ஹெட்டும் சேர்ந்து பாழாகும். முதலும் கடைசியும் வேறு வடிவம். நடுவில் உள்ள மூன்றும் ஒன்றுபோல் இருந்தன. கம்பெனி போட்ட எண்களை முன்பே யாரோ அரத்தால் தேய்த்திருந்தார்கள்.

வேன்காரர் வாசலுக்கும் எஞ்சினுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"அக்கா, நாளைக்குக் காலைல ஆறரைக்கு நான் அங்க நிக்கணும். இல்லைன்னா ஸ்கூல்ல வேற வண்டி போட்டுருவாங்க. ஒருத்தன் அதுக்குன்னே காத்துக்கிட்டிருக்கான்."

"தெரியும்பா."

"மூணும் ஒரே மாதிரிதானே இருக்கு? எதையாவது எங்கயாவது மாட்டுங்க."

"நீ செருப்பைக் கால் மாத்திப் போட்டு நடந்து காட்டு. அப்புறம் மாட்டறேன்."

கணவர் சிரித்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

ஒரு மூடியை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். தண்ணீர் குடிக்கப் போய்ப் பாதியில் திரும்பினாள். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது ஹெட்டின் பக்கவாட்டில், கடைந்தபோது விழுந்த மெல்லிய கோடுகள் தெரிந்தன. கோடுபோட்ட துணியை இணைப்பதுபோல் மூடிகளைத் திருப்பித் திருப்பிப் பொருத்தினாள். மூன்றில் ஒன்று நடு இடத்தில் கோட்டோடு கோடு சேர்ந்தது. மற்ற இரண்டிலும் அரம் வழுக்கிப் பக்கவாட்டையும் தின்றிருந்தது.

இரண்டு மூடி, இரண்டு இடம், முன்னும் பின்னும். எட்டு விதம்.

ஷாஃப்ட் தள்ளி அசைக்கும் ராக்கர் கைகளை இன்னும் மாட்டாததால் ஷாஃப்ட் தடையில்லாமல் சுழல வேண்டும். மூடிகளின் போல்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். அசையவில்லை. கழற்றினாள். இரண்டாவது முறை பாதிச் சுற்றில் இறுகிப் பிடித்தது.

"நீங்க சுத்திப் பாருங்க."

"என் விரலுக்கு என்ன தெரியும்?"

"முழங்கைக்குத் தெரியும்ல? சுத்துங்க."

அவர் ஸ்பேனரைப் பிடித்தார். "பிடிக்குது" என்றார்.

ஐந்தாவது முறை முழுச் சுற்று சுற்றியது. வேன்காரர் கைதட்டினார். அவள் பத்துமுறை சுற்றிவிட்டுக் கழற்றத் தொடங்கினாள்.

"அக்கா! அதான் சுத்திருச்சே!"

"மிச்சம் மூணு இருக்கு. அதுலயும் சுத்துச்சுன்னா எது சரின்னு எப்படித் தெரியும்?"

மூன்றும் பிடித்தன. ஐந்தாவதற்கே திரும்பினாள். ராக்கர்களை மாட்டும்போது மாலை மணி ஆறு.

மறுநாள் காலை ஆறு இருபதுக்கு வேன் பள்ளிக்குப் போனது. ஒன்பது மணிக்கு, அவள் சொல்லியிருந்தபடி, பட்டறைக்கு வந்தது. எஞ்சினின் மேல்உறையைத் திறந்து இரண்டாவது, நான்காவது மூடிகளைத் தொட்டுப் பார்த்தாள். மற்றவற்றின் சூடுதான் இருந்தது; எங்கும் உரசவில்லை. மூடினாள். பதினொரு மணிக்கு மறுபடி ஒருமுறை வரச் சொன்னாள். வேன்காரர் வரவில்லை. மாலை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பட்டறை வழியாகவே நிற்காமல் போனார். எஞ்சின் சத்தம் சீராக இருந்தது.