சந்தனம் பூசிய தெர்மாமீட்டர்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம், மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறைதான் என் ஆய்வுக்கூடம். காப்பர் சல்பேட் கரைசலில் துத்தநாகத் தூளைக் கொட்டினால் நீலம் வெளிறும், செம்பு அடியில் படியும், கரைசல் சூடேறும். எத்தனை டிகிரி ஏறுகிறது என்று ஐந்து தடவை அளந்து நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டைப் பார்த்துத்தான் என்னை மேல்படிப்புக்குச் சிபாரிசு செய்வதா என்று வாத்தியார் முடிவு செய்வார்.

பள்ளியில் இருந்ததே ஒரு நல்ல தெர்மாமீட்டர். ஒரு டிகிரியைப் பத்தாகப் பிரித்துக் காட்டும். ஐம்பதுக்கு மேல் தாங்காது. விடுமுறைக்கு என்னை நம்பிக் கொடுத்திருந்தார்.

வீட்டில் நிம்மதியாக அளக்க விட்டால்தானே! காற்று வரட்டும் என்று அப்பா ஜன்னலைத் திறப்பார். தம்பி பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்ப்பான். மலாய் பேசும் செட்டிமார் குடியிருக்கும் கம்போங் செட்டியிலிருந்து வந்த அம்மாவின் சிநேகிதி, என்ன குழம்பு என்று மலாயில் விசாரித்தார். சூடெல்லாம் போய், நான்கு தடவையும் புத்தகத்தில் இருந்ததைவிடக் குறைவாகவே வந்தது.

ஐந்தாவது தடவைக்கு முன்னால் சரஸ்வதி பூஜை வந்து தொலைத்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா என் நோட்டைச் சாமி படத்தின் முன் வைத்து, அதன்மேல் தெர்மாமீட்டரைப் படுக்கப் போட்டு, சந்தனம் குங்குமம் இட்டிருந்தாள். பாதரசக் குமிழ் நோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்டியே சூடத்தையும் ஏற்றிவிட்டாள். நான் “ஐயோ” என்பதற்குள் டப்பென்று வெடித்தது. பாதரசம் பக்கத்திலிருந்த சுண்டல் கிண்ணத்துக்குள் தெறித்து உருண்டோடியது.

“சூடு அளக்கிற சாமான்தானே, சூடு தாங்காதா?” என்றாள் அம்மா.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சுண்டலைக் கிண்ணத்தோடு தூக்கினேன்.

“பிரசாதம்டி, கொட்டாதே!”

“விஷம்மா அது!” என்று கத்திவிட்டு வாசல் லோங்காங் சாக்கடையில் கொட்டினேன். 

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. புத்தகத்தில் இருந்த கணக்கில் அரை டிகிரியைக் குறைத்து ஐந்தாவதாக எழுதினேன். உடைந்ததற்கு வாத்தியார் திட்டினார். “அஞ்சும் முடிச்ச பிறகுதான் உடைஞ்சது சார்” என்றேன்.

நோட்டு திரும்பி வந்தது. வியர்க்க வியர்க்க அளந்த நான்குக்கும் சிவப்பு வட்டம். அளக்காத ஐந்தாவதற்குப் பக்கத்தில் ‘மிக நன்று’. சிபாரிசும் கிடைத்தது.

“பார்த்தியா? சாமிகிட்ட வச்சு எடுத்த நோட்டு. அன்னிக்கு என்னமா குதிச்சே!” என்றாள் அம்மா.

அளக்கவே இல்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் ஆசையாகக் கிண்டிய கேசரியை மிச்சம் வைக்காமல் தின்றேன்.