தள்ளிப்போட்ட ரத்தப் பரிசோதனை

பாப்பா, தம்பி, உங்கள் ரத்தத்தைப் பரிசோதிக்க நான் நான்கு மாதம் தாமதித்தேன். அம்மா இதை உங்களிடம் சொன்னதில்லை. நானே எழுதிவிடுகிறேன்.

என் கழுத்திலிருந்து தைராய்டை எடுத்தபோது புற்றுநோய் என்றார்கள். பிறகு என் ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டரம்மா, ஆர்.இ.டி. என்கிற ஜீனில் பிழை, பிறவியிலேயே வந்தது என்றார். அந்த ஜீனை வைத்து உடம்பு ஒரு புரதம் செய்கிறதாம். அது செல்லின் மேற்பரப்பில் நின்று, வெளியிலிருந்து சேதி வந்தால் மட்டும் உள்ளே 'வளரு' என்று சொல்ல வேண்டும். எனக்குச் சேதி வராமலேயே சொல்லிக்கொண்டிருக்கிறது. பெடலை மிதிக்காமலே தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் அடித்துக்கொண்டிருப்பதுபோல என்று நான் புரிந்துகொண்டேன்.

"பிள்ளைங்களுக்கும் வந்திருக்கலாம். உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

நான் கூட்டிப்போகவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினெட்டு வருடமாகப் பிரஸ் ஷாப் வேலை எனக்கு. தகட்டை அடித்து வடிவம் கொடுக்கும் அச்சு, அந்த டையில் கீறல் இருந்தால், விழுகிற எல்லாப் பீஸிலும் அதே இடத்தில் ஒரு வரி எழும்பி நிற்கும். ஒன்றைத் தடவிப் பார்த்தால் போதும். டை நான். ஆகவே இருவருக்கும் இருக்கிறது என்று நானே முடிவுகட்டிவிட்டேன். அதைக் காகிதத்தில் வாங்கத்தான் தைரியமில்லை. நீங்கள் சாப்பிடும்போது தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இன்னா நைனா, என் தட்டையே பாக்குற? முட்ட வோணுமா?" என்று கேட்டாயே பாப்பா, அன்று உன் குரல் கம்மியிருந்தது. வெறும் சளிதான். ஆனால் நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். நீங்கள் பள்ளிக்குப் போனதும் அம்மாவிடம் டை கதையைச் சொன்னேன்.

"யோவ், நாலு மாசமா இத்த நெஞ்சுல வெச்சிகினா சுத்தினு கீற? உன் கம்பெனில அடிச்ச பீஸாய்யா என் புள்ளைங்க? நான் ஒருத்தி கீறேனே, இதுல என் பங்கு இல்லியா?"

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போகத் திருநின்றவூரில் நால்வரும் ரயில் ஏறினோம். டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார்: ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதி, பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. என்னிடம் ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. இரண்டில் எது வேண்டுமானாலும் பிள்ளைக்குப் போகலாம்.

ரிசல்ட் வர மூன்று வாரம். டாக்டரம்மாவே போன் செய்தார்.

"தம்பிக்கு இல்ல. பாப்பாவுக்கு இருக்கு."

பாப்பா, உனக்கு ஆபரேஷன் ஆனது. எடுத்த தைராய்டில் புற்றுநோய் கடுகளவு தொடங்கியிருந்ததாம், வெளியே பரவவில்லை.

"நாலு மாசம் முன்னாடியே வந்திருந்தா அதுவும் இருந்திருக்காதா, மேடம்?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க" என்றார். இருந்திருக்காது என்றும் சொல்லவில்லை, இருந்திருக்கும் என்றும் சொல்லவில்லை.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று, சாப்பாட்டு பெல் அடித்து எல்லோரும் போன பிறகு, ரிஜெக்ட் டப்பாவிலிருந்து வரி எழும்பிய ஒரு பீஸை எடுத்தேன். அதை வைஸில் கடித்துப் பிடிக்க வைத்து, கட்டைவிரலுக்கு எதுவும் தட்டுப்படாத வரைக்கும் அரத்தால் தேய்த்தேன்.