தடையை நீக்கும் மனுவும் எங்கள் வீட்டுக்காரரும்

ராத்திரி ஹாலில் சரக் சரக்கென்று சத்தம் கேட்டால் மற்ற வீடுகளில் எலியா, திருடனா என்று பயப்படுவார்கள்; வக்கீல் ஆபீஸில் ஆன்லைன் போக்கர் தடையை நீக்கச் சொல்லி மனு டைப் அடிக்கிற எனக்கு, அது வீட்டுக்காரர் போனில் சீட்டு கலைகிற சத்தம் என்று தெரிந்ததால்தான் பயம். இப்போதைக்கு இலவசக் காயின். "கேஸ் ஜெயிக்கட்டும்மா, அப்புறம் காசு வெச்சு ஆடலாம்னு காத்துக்கினு இருக்கேன்" என்கிறார். அந்தக் கேஸை ஜெயிக்க வைக்கத்தான் எனக்குச் சம்பளம். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு எழுதுகிறேன். ஆபீஸ் வேலையை வீட்டுக்குள் விட்டு மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்குப் புரியும்.

திறமைக்கு நிரூபணம்

போக்கர் அதிர்ஷ்டமல்ல, திறமை என்பதுதான் எங்கள் சாரின் முதல் வாதம். ஆனால் சாருக்குச் சீட்டைப் பிடிக்கவே தெரியாது. கற்றுக்கொடுக்க, கேஸ் போட்ட ஆட்டக்காரர் சங்கத்தின் செயலாளரே வந்தார். பழம் தின்று கொட்டை போட்டவர். மேஜையில் சட்டைப் பட்டன்களை வைத்து ஆடினார்கள். எந்தச் சீட்டு பெரியது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக் கேட்டு ஆடிய சார், வரிசையாக ஜெயித்தார். செயலாளர் முகம் வெளுத்துவிட்டது. "சார், இதை ஜட்ஜ் முன்னாடி செஞ்சு காட்ட வேணாம்."

பட்டு வாதம்

சார் சளைக்கவில்லை. பட்டு நூல் எல்லோருக்கும் ஒன்றுதான், நெய்கிறவர் கைத்திறமையில் புடவை மாறுகிறது, சீட்டும் அப்படியே என்று ஒரு பத்தி எழுதச் சொன்னார். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் ஊட்டிய இங்கிலீஷையெல்லாம் அதில் கொட்டினேன். வாடகைக் கேஸுக்கு வந்திருந்த பட்டுக்கடை முதலாளியிடம் சார் பெருமையாக அதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். "நல்லாத்தான் இருக்குது வக்கீல் சார். ஆனா என் தறியில ஒரு புடவை இறங்கினா, எதிர்வீட்டுத் தறியில ஒண்ணு காணாமப் போறதில்லையே."

சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே

கோர்ட் இழுக்கும், ஆட்சியில் இருப்பவர்களிடம் பேசி, வயது வரம்பு, வரி எல்லாம் வைத்து முறைப்படுத்தும் சட்டம் கேட்கலாம் என்று உள்ளூர் பிரமுகர் ஒருவரைக் கல்யாணப் பந்தியில் பிடித்தோம். வரி என்றதும் தலையாட்டினார். "மேல பேசறேன்பா. ஆனா நான் பேசினது நம்ம ஊர்ல ஒரு பொம்பளைக்கும் தெரியக் கூடாது." பக்கத்து இலையில் என்னைப் பார்த்துவிட்டு, சமாதானமாகச் சேர்த்துக்கொண்டார்: "உன்னைச் சொல்லலம்மா, ஓட்டுப் போடறவங்களைச் சொன்னேன்."

அழாத தாய்

தடை வேண்டும் என்பவர்கள் பக்கம் தாய்மார்கள் அழுது பேட்டி கொடுக்கிறார்கள். நம் பக்கம் போஸ்டரில் போட அழாத தாய் ஒருத்தி வேண்டும் என்று சாருக்குத் தோன்றியது. ஆபீஸில் தாய் நான் ஒருத்திதான். முடியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை, செவிலிமேட்டில் எங்கள் வாசலுக்கே சார் போட்டோக்காரரோடு வந்துவிட்டார். வீட்டுக்காரர் சட்டை மாற்றி, தலை வாரி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "சும்மா சிரிம்மா, நம்ம கேஸ்தானே" என்றபடி படியிறங்கப் போனார். நாளைக்கு அந்தப் போஸ்டரையே காட்டிக் காசு வைத்து ஆடுவார். சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். வெளியிலிருந்து சார் குரல் கேட்டது. "ஏம்மா, தடை போட்டா யாரும் திருந்த மாட்டாங்கன்னு மனுவுல நீதானே எழுதின?"

அது கோர்ட்டுக்கு எழுதியது, இது வீடு என்று மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டு, உள்ளேயிருந்து தாழ்ப்பாளையும் போட்டேன்.